வெளிநாட்டு மார்க்கெட்டுக்கான ஸ்ட்ராற்றஜி படிக்கிறதெண்டா எங்க தொடங்கிறது?

ஒரு தங்கச்சி கேட்டு எழுதின கேள்வி சுருக்கமா இதுதான். யாழ்ப்பாணத்தில சுன்னாகத்துப் பக்கம் அவவின்ர அப்பாட்ட ஒரு அரைக்கிற மில் இருக்கு, தங்கச்சி முகாமைத்துவம் படிச்சு முடிச்சிட்டா, ரொறன்ரோவில இருக்கிற மாமா "கறித்தூளை அனுப்பு, நான் வித்துத் தாறன்" எண்டு நிக்கிறார். இன்ரநாஷனல் பிசினஸ் ஸ்ட்ராற்றஜியை ஒழுங்காப் படிச்சிட்டு இறங்குவம் எண்டு அவ யோசிக்கிறா, எம்.பி.ஏ. செய்யிறதோ ஒன்லைன் கோஸ் காணுமோ எண்டு கேக்கிறா. நான் கன காலமா ஏற்றுமதிக் கடதாசி வேலையோட கிடக்கிற ஆள், இடைக்கிட பெடியள் பெட்டையளுக்கு வகுப்பும் எடுக்கிறனான், அதால கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன்.

முதல் ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போறன், கோவிக்காதேங்கோ. ரொறன்ரோ ஸ்காபரோவில எங்கட ஆக்களின்ர கடையில தூள் விக்கிறது வெளிநாட்டு மார்க்கெட் இல்லை. அது எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைதான், பிளேன் ஏறிப் போய் அங்க இருக்கு, அவ்வளவுதான். வாங்கிற ஆளுக்கு வறுத்த தூள் எண்டா என்ன எண்டு தெரியும், மணத்திலயே நல்லது கூடாதது பிடிப்பினம், பக்கற்றில யாழ்ப்பாணம் எண்டு போட்டிருந்தா கை தானாப் போகும். அதில விக்கிறது பிழை எண்டு சொல்லேல்லை, வடிவா விக்கலாம். ஆனா நீங்கள் படிக்கப் போற ஸ்ட்ராற்றஜி பாடம் முழுக்க உங்களைத் தெரியாத ஒருத்தருக்கு எப்பிடி விக்கிறது எண்டதைப் பற்றினது, மாமா சொல்லுறது உங்களைத் தெரிஞ்ச ஆக்களுக்கு விக்கிறதைப் பற்றினது. இந்த ரெண்டில நீங்கள் எதைச் செய்யப்போறியள் எண்டு முடிவெடுக்காமல் எந்தக் கோஸ் செய்தும் பிரயோசனமில்லை, ஏனெண்டா அங்க கேக்கிறதெல்லாம் மற்றாளின்ர கதை மாதிரித்தான் இருக்கும்.

வித்தியாசம் விளங்கோணும் எண்டா கடலட்டையை, கடல் வெள்ளரி எண்டும் சொல்லுவினம், அதைப் பாருங்கோ. எங்கட சனம் அதைச் சமைக்கிறதே இல்லை. ஆனா அரியாலையிலயும் பூநகரியிலயும் பண்ணை போட்டு, பிடிச்சு, குடல் எடுத்து, அவிச்சு, காயவைச்சு, சீனா ஹொங்கொங் பக்கம் போகுது. அங்க வாங்கிற ஆளுக்கு அரியாலை எண்டு ஒரு ஊர் இருக்கிறதே தெரியாது, தெரியவும் தேவையில்லை. என்ன சாதி, என்ன பருமன், எவ்வளவு காய்ஞ்சிருக்கு, தோல் உரிஞ்சிருக்கோ, இதைப் பார்த்துத்தான் விலை சொல்லுவினம், பாசம் ஒண்டும் நடுவில இல்லை. எங்கட நீலக்கால் நண்டும் அப்பிடித்தான், சதை எடுத்துப் பதப்படுத்தி அமெரிக்காவுக்குப் போறதை அங்க சாப்பிடுற ஆள் யாழ்ப்பாண நண்டு எண்டு தெரிஞ்சு சாப்பிடுறேல்லை. இதுதான் வெளிநாட்டு மார்க்கெட். கரைவலைக்காரரும் பண்ணைக்காரரும் உதைப் படிச்சுக் கிழிச்சிட்டினம் எண்டு சொல்லேல்லை, நடுவில நிக்கிற கொம்பனியள்தான் படிச்சு வைச்சிருக்கினம், லாபத்தின்ர பெரும் பங்கும் அங்கதான் நிக்குது.

இனிப் படிப்புக்கு வருவம். தியரியில ஒண்டே ஒண்டு மட்டும் முதல்ல படிக்க நேரம் இருக்கெண்டா பங்கஜ் கெமாவத் சொன்ன தூரக் கணக்கைப் படியுங்கோ. ஹார்வர்டில படிப்பிச்ச ஆள், 2001ல இதை எழுதினவர். விசயம் இதுதான்: ரெண்டு நாட்டுக்கு இடையில இருக்கிற தூரத்தை மைல் கணக்கில மட்டும் பார்க்கக் கூடாது, பண்பாட்டுத் தூரம், அரசு சட்டம் சம்பந்தமான தூரம், புவியியல் தூரம், பொருளாதாரத் தூரம் எண்டு நாலாப் பிரிச்சுப் பார்க்கோணும், அதோட எந்தத் தூரம் உதைக்கும் எண்டது பொருளுக்குப் பொருள் மாறும். சீமெந்துக்குப் பாரம்தான் பிரச்சினை, அதால புவியியல் தூரம். சாப்பாட்டுக்குப் பண்பாடும் சட்டமும்.

உங்கட தூளை வைச்சுப் போட்டுப் பாருங்கோ. பலாலியில பிளேன் ஏறினா சென்னை கிட்டத்தான், இந்தியாவோட சுதந்திர வர்த்தக ஒப்பந்தமும் 2000ல இருந்து நடைமுறையில இருக்கு, மொழியும் ஒண்டு. மப்பைப் பார்த்தா முதல்ல அங்கதான் போகோணும் எண்டு ஆரும் சொல்லுவினம். ஆனா எங்கட நாட்டுக்கு வாற செத்தல் மிளகாயில பெரும்பங்கு இந்தியாவில இருந்துதான் வருகுது, அவன்ர மிளகாயை வாங்கி அரைச்சு அவனுக்கே திருப்பி விக்கப் போறது கொல்லன் தெருவில ஊசி விக்கிற வேலை. பொருளாதாரத் தூரம் அங்க உங்களுக்கு எதிரா நிக்குது. ஸ்காபரோ உலகத்தின்ர மற்றப் பக்கம், ஆனா பண்பாட்டுத் தூரம் பூச்சியம், சட்டத் தூரம் நடுத்தரம். றொட்டர்டாமில இருக்கிற ஒரு மசாலா இறக்குமதிக் கொம்பனியை எடுத்தா பண்பாடும் தூரம், சட்டமும் தூரம், ஆனா அவன் ஒரு தடவை ஓம் எண்டா மாமா வருசம் முழுக்க விக்கிறதை ஒரு ஓடரில எடுப்பான். இந்த மூண்டையும் ஒரு கடதாசியில நாலு நிரல் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கோ, எம்.பி.ஏ. வகுப்பில முதல் தவணைக்குச் சொல்லித் தாறதின்ர பாதி அதில வந்திடும்.

சுவீடனில உப்சாலா பல்கலைக்கழகத்து ஆக்கள் யோகான்சன், வால்னே எண்ட ரெண்டு பேர் 1977ல இன்னொண்டு சொன்னவை. கொம்பனியள் பொதுவா ஒரே பாய்ச்சலாப் பாயிறேல்லை, தங்களுக்கு விளங்கக் கூடிய கிட்டடி நாட்டில சின்னனாத் தொடங்கி, முதல்ல ஏஜென்ட், பிறகு சொந்த ஒபிஸ், அதுக்குப் பிறகுதான் ஃபக்டரி எண்டு படிப்படியாப் போகுதுகள் எண்டு. கன பேர் இது பழசு, இன்ரநெற் காலத்துக்குச் சரிவராது எண்டுவினம். சின்ன ஆக்களுக்கு இப்பவும் சரிவரும் எண்டதுதான் என்ர எண்ணம், கைக்காசு கரையிற வேகத்துக்கு அதுதான் தாங்கும். ஒரு தொழிலில போட்டி எவ்வளவு எண்டு பார்க்கிறதுக்குப் போர்ட்டர் சொன்ன ஐஞ்சு சக்தி பற்றி உங்களுக்குக் கம்பசில படிப்பிச்சிருப்பினம், அதைத் திருப்பி எழுதேல்லை.

இப்ப முக்கியமான இடம், கணக்கு. ஸ்ட்ராற்றஜி எண்டு பெரிய சொல்லாக் கதைக்கிற கன பேர் இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் கதைக்கிறவை. கடைத்தட்டு விலையில இருந்து பின்னுக்கு நடந்து வாங்கோ. சும்மா ஒரு உதாரணத்துக்கு, ரொறன்ரோவில ஒரு கிலோ பக்கற் 16 கனேடிய டொலருக்குக் கடைத்தட்டில நிக்குது எண்டு வைப்பம். கடைக்காரர் 30 வீதம் எடுத்தா 4.80 போட்டுது, மிச்சம் 11.20. மொத்தமா இறக்கிப் பிரிச்சுக் குடுக்கிறவர் அதில 25 வீதம் எடுத்தா 2.80, மிச்சம் 8.40. கப்பல் கூலி, கிளியரிங், களஞ்சியம், கிழிஞ்ச பக்கற், இதுக்கெல்லாம் ஒரு 1.40 எண்டு வையுங்கோ, மிச்சம் 7. கணக்குக்கு லேசா கனேடிய டொலரை 200 ரூபாயா எடுத்தா 1400 ரூபா. இந்த 1400க்குள்ளதான் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், வறுக்கிற காஸ், கரண்ட், பெட்டையளின்ர சம்பளம், பக்கற், லேபல், லாப் ரிப்போர்ட், கொழும்புக்கு லொறி, ஏஜென்ட் கூலி, உங்கட லாபம் எல்லாம் அடங்கோணும். அடங்குமோ? இலக்கமெல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டது, மாமாவைக் கொண்டு உண்மையான கடைத்தட்டு விலையையும் கடைக்காரர் எத்தினை வீதம் கேக்கிறார் எண்டதையும் எடுப்பிச்சு நீங்கள் திருப்பிப் போடுங்கோ. உள்ளூர் விலையில லாபத்தைக் கூட்டி, அதை டொலருக்கு மாத்தி, இதுதான் எங்கட விலை எண்டு சொல்லுறதுதான் எங்கட ஊரில வழக்கமா நடக்கிறது. அங்க அந்த விலைக்கு ஏற்கெனவே ஆர் நிக்கினம் எண்டு பார்க்கிறேல்லை. ரொறன்ரோவிலேயே எங்கட ஆக்கள் மிளகாயை மொத்தமா இறக்கி, அங்கயே வறுத்து அரைச்சு, யாழ்ப்பாணத்துத் தூள் எண்டு விக்கினம், அவைக்கு லேபல் பிரச்சினை குறைவு, ஓடர் வந்த அண்டைக்கே கடைக்குப் போடலாம். அவையோட விலையில மோதிறது உங்களுக்குக் கட்டாது. அப்ப வேற எதில நிக்கப் போறியள்? இந்தக் கேள்விக்கு விடை எழுதிறதுதான் ஸ்ட்ராற்றஜி, மிச்சம் எல்லாம் அலங்காரம்.

ரெண்டாவது படிப்பு சட்டம். இதை ஒருத்தரும் ஸ்ட்ராற்றஜி எண்டு நினைக்கிறேல்லை, ஆனா சாப்பாட்டுச் சாமானில இதுதான் ஆர் உள்ள போறது ஆர் வெளியில நிக்கிறது எண்டதைத் தீர்மானிக்குது. ஐரோப்பிய ஒன்றியத்தில மிளகாய்த்தூளுக்கு அஃப்ளாடொக்சின் எண்ட பூஞ்சண நஞ்சு பி1 எண்ட வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம், அதுக்கு மேல போனா பெட்டி உள்ள போகாது. இது மில்லில வாற பிரச்சினை இல்லை, அதுக்கு முன்னமே மிளகாய் காயவைச்ச நிலத்திலயும் ஈரம் பட்ட சாக்கிலயும் வாறது, வறுத்தாலும் முழுசாப் போகாது. அப்ப உங்கட வேலை தூள் அரைக்கிறது மட்டும் இல்லை, மிளகாய் ஆரிட்ட வாங்கிறது, எப்பிடிக் காயவைச்சது எண்டதையும் பிடிக்கிறது. 2005ல இங்கிலாந்தில சூடான் 1 எண்ட சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சோசுக்குள்ள போய், அந்தச் சோஸ் மற்றச் சாப்பாட்டுச் சாமானுக்குள்ள போய், 400க்கு மேற்பட்ட பொருளைக் கடையில இருந்து திருப்பி எடுத்தவை. அந்தப் பயம் வாங்கிற ஆக்களிட்ட இப்பவும் இருக்கு. அவை லாப் ரிப்போர்ட் கேக்கிறது உங்களை நம்பாமல் இல்லை, தங்கட தலை தப்பவேணும் எண்டு.

உங்கட மில்லையே எடுங்கோ. காலமை ஒருத்தர் கோதுமை கொண்டு வருவார், பிறகு ஒரு அம்மா உளுந்து, மத்தியானம் மிளகாய், எல்லாம் ஒரே மெசினில. ஊருக்கு அது பரவாயில்லை. ஐரோப்பாவிலயும் பிரித்தானியாவிலயும் லேபலில கட்டாயம் காட்ட வேண்டிய ஒவ்வாமைச் சாமான் 14, அதில கோதுமை இருக்கு, எள்ளு இருக்கு, கடுகு இருக்கு. அமெரிக்காவில எள்ளை 2023 ஜனவரியில இருந்து ஒன்பதாவதாச் சேர்த்தவை. மெசினில ஒட்டி நிக்கிற கோதுமை மா தூளுக்குள்ள போய், அதைச் சாப்பிட்ட ஆளுக்கு ஒண்டு நடந்தா வழக்கு மாமான்ர பேரில. கனடாவில இறக்குமதி செய்யிறவருக்கு லைசன்ஸ் வேணும், 2019ல வந்த சட்டம், லேபல் இங்கிலிசிலயும் பிரெஞ்சிலயும் இருக்கோணும். மாமாட்ட அந்த லைசன்ஸ் இருக்கோ எண்டு முதல் கேளுங்கோ. இல்லையெண்டா அவர் சொல்லுறது ஏற்றுமதி இல்லை, பார்சல் போடுறது. ஏற்றுமதிக்கெண்டு தனி மெசின், தனி அறை, உள்ள வாறதுக்கும் வெளிய போறதுக்கும் தனிக் கதவு எண்டு அப்பாவோட கதைக்க வேண்டி வரும். அந்தக் கதை எந்தக் கோசையும் விடக் கஷ்டமா இருக்கும், அப்பாமாரிட்ட ஓடுற மெசினை விட்டிட்டு இன்னொரு மெசின் எண்டு கேட்டுப் பாருங்கோவன்.

மூண்டாவது, தரவு. ஐ.ரி.சி. எண்ட ஜெனீவா நிறுவனத்தின்ர ட்ரேட் மப் எண்ட தளம் இருக்கு, பதிஞ்சிட்டு சும்மா பார்க்கலாம். அதுக்கு எச்.எஸ். கோட், அதாவது சுங்கத்தில சாமானை வகை பிரிக்கிற இலக்கம், வேணும். மசாலாக் கலவைக்கு 0910.91, மிளகாய்த்தூள் மட்டும் எண்டா 0904.22, உப்பு மற்றச் சாமான் கூடச் சேர்ந்து சுவைச்சரக்கு மாதிரிப் போனா 2103க்குள்ள தள்ளவும் கூடும். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒண்டு, அதுக்குப் பிறகு நாட்டுக்கு நாடு வேற. கோட் மாறினா வரி மாறும், ஐரோப்பாவின்ர ஜி.எஸ்.பி. பிளஸ் மாதிரி வரிச் சலுகையில மூலப்பொருள் எங்க இருந்து வந்ததெண்ட விதியும் அதோட மாறும், உங்கட மிளகாய் இந்தியாவில இருந்து வந்ததெண்டா அதைத் தனியாப் பார்க்கோணும். ட்ரேட் மப்பில நாட்டைப் போட்டுட்டு மொத்தத் தொகையைப் பார்த்து வாயைப் பிளக்காதேங்கோ. ஒரு தொன்னுக்கு என்ன விலை எண்ட நிரலைப் பாருங்கோ, இந்தியாவில இருந்து வாறது என்ன விலைக்கு வருகுது, வேற ஆர் கூட விலைக்கு விக்கினம் எண்டு. கூட விலைக்கு விக்கிற அந்த நாட்டுக்காரர் என்ன செய்யினம் எண்டு தேடுறதில ஒரு கிழமை மினக்கெட்டா நல்ல பாடம். ஒல்லாந்து நிறைய வாங்கிற மாதிரித் தெரியும், அதில கனக்க வேற நாட்டுக்குத் திருப்பிப் போறது, அதையும் மனசில வைச்சிருங்கோ.

கேஸ் ஸ்ரடி எண்டா எல்லாரும் வெண்ட கதையைத்தான் வாசிக்கினம், நான் தோத்ததைத்தான் வாசிக்கச் சொல்லுவன். மாமாட்டயே கேளுங்கோ டார்கெட் கனடாவுக்கு வந்த கதையை. அமெரிக்காவில பெரிய கடை, 2013ல கனடாவுக்குள்ள வந்து கெதியா 133 கடை துறந்தவை, 2015 ஜனவரியில மூடுறம் எண்டு அறிவிச்சிட்டினம். பக்கத்து நாடு, ஒரே மொழி, கன கனடாக்காரர் எல்லை தாண்டிப் போய் அதே கடையில வாங்கிப் பழகின ஆக்கள். எங்க உதைச்சது? புதுக் கொம்பியூட்டர் சிஸ்டத்தில சாமானின்ர அளவு, பெட்டிக்கு எத்தினை, எந்த நாட்டுக் காசு எண்ட விபரங்களே பிழையா ஏறி, களஞ்சியம் பிதுங்கி வழிய, கடைத்தட்டு வெறுமையாக் கிடந்தது. வந்த சனம் அமெரிக்கா விலை இஞ்ச இல்லை எண்டும் முகம் சுழிச்சது. தூரம் கிட்ட எண்டு நினைச்சு அவசரப்பட்ட கதை அது.

உள்நாட்டில ரெண்டு கொம்பனி பாருங்கோ, ரெண்டும் ரெண்டு திசை. டில்மா 1980களில அவுஸ்திரேலியாவில தொடங்கினது, தேயிலையை மொத்தமா ஏலத்தில வித்துப்போட்டு வேற ஆக்கள் பக்கற் போட்டுக் காசு பார்க்கிறதை விட்டிட்டு, இஞ்சயே பக்கற் போட்டு சொந்தப் பேரில போனவை. பெரிய தேயிலைக் கொம்பனியள் குந்தியிருக்கிற லண்டனில முதல் கை வைக்கேல்லை எண்டதைக் கவனியுங்கோ. மற்றது ஹேகார்ப், தேங்காய்ச் சிரட்டைக் கரியில இருந்து அக்டிவேற்றட் கார்பன் செய்யிற கொம்பனி, தண்ணி வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் பாவிக்கிறது. கடைத்தட்டில அதின்ர பேரை ஒருத்தரும் காணேலாது, ஆனா உலகத்தில அந்தத் துறையில பெரிய ஆக்கள், தாய்லாந்திலயும் இந்தோனேசியாவிலயும் ஃபக்டரி இருக்கு. சிரட்டை கிடைக்கிற இடத்துக்குத் தாங்களே போனவை. கொழும்புப் பங்குச் சந்தையில இருக்கிற கொம்பனி எண்டதால வருடாந்த அறிக்கை சும்மா டவுன்லோட் பண்ணலாம். அதில படத்தை விட்டிட்டு, ஆபத்துகள் எண்டு எழுதியிருக்கிற பகுதியை வாசியுங்கோ, மூலப்பொருள் தட்டுப்பாடு, நாணய மாற்று, கப்பல் கூலி எண்டு எல்லாம் இருக்கும். பனங்கட்டியையும் ஒடியலையும் வைச்சுக்கொண்டு கைதடியில இருந்து பிரான்ஸ் வரைக்கும் கனவு காணுற பெடியளுக்கும் நான் இதைத்தான் சொல்லுறனான், பேர் முன்னுக்கு நிக்கிற வழியோ பேர் தெரியாமல் தரத்தில நிக்கிற வழியோ, ரெண்டையும் ஒரே காசில செய்யேலாது.

காசு வாற வழியைப் பற்றி அதிகம் எழுதேல்லை, ஏஜென்ட்மார் சொல்லித் தருவினம். ஆனா சொந்தக்காரரோட செய்யிறதில ஒரு விசயம். "விக்க விக்க காசு தாறன்" எண்டது ஒரு மாதம் நல்லாப் போகும், அதுக்குப் பிறகு கலியாண வீட்டில முகம் குடுக்காமல் திரியிற அளவுக்குப் போகும். அரைவாசி முன்காசு, மிச்சம் கப்பல் கடதாசி குடுக்கேக்க, எழுத்தில. ரூபாய் 2022ல ரெண்டு மாதத்துக்குள்ள அமெரிக்க டொலருக்கு 200ல இருந்து 360க்குப் போனதையும், அமெரிக்கா 2025 ஏப்ரலில எங்களுக்கு 44 வீத வரி எண்டு அறிவிச்சு ஒகஸ்ட்டில 20க்கு இறக்கினதையும் பார்த்த ஆக்கள் நாங்கள், அதால ஒரு நாட்டை மட்டும் நம்பி மெசினுக்குக் கடன் எடுக்கிறதெண்டா ரெண்டு தரம் கணக்குப் பாருங்கோ.

சரி, எம்.பி.ஏ.யோ ஒன்லைன் கோசோ? இப்ப எம்.பி.ஏ. வேண்டாம். கோர்செராவிலயும் எட்எக்சிலயும் இருக்கிற இன்ரநாஷனல் பிசினஸ் கோசுகளில கனக்கத்தைச் சேர்டிபிக்கற் இல்லாமல் காசில்லாமலோ, உதவி கேட்டுக் குறைஞ்ச காசுக்கோ பார்க்கலாம், ஒண்டே ஒண்டை எடுத்து முடியுங்கோ, ஐஞ்சில சேர்ந்து ஐஞ்சையும் பாதியில விடாமல். அதில தாற ஒவ்வொரு எசைன்மென்டையும் அவை தாற அமெரிக்கக் கொம்பனியை விட்டிட்டு உங்கட தூளை வைச்சு எழுதுங்கோ. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில பதியுங்கோ, அவை நடத்திற பயிற்சி யாழ்ப்பாணத்தில வரேக்க போங்கோ, அங்க படிப்பிக்கிறதை விடப் பக்கத்தில குந்தியிருக்கிற ஆக்களோட கதைக்கிறதில கனக்க வரும். அதோட ஏலுமெண்டா கொழும்பில ஒரு மசாலா ஏற்றுமதிக் கொம்பனியிலயோ கிளியரிங் ஒபிசிலயோ ஒரு ஆறு மாதம் வேலைக்குப் போங்கோ, சம்பளம் குறைவெண்டாலும் பரவாயில்லை. ஒரு பெட்டி ஏன் துறைமுகத்தில நிண்டது, வாங்கினவன் ஏன் விலையைக் குறைக்கச் சொன்னவன், எந்தக் கடதாசியில ஒரு எழுத்துப் பிழைச்சு வங்கி காசைப் பிடிச்சு வைச்சது எண்டு கண்ணால பார்ப்பியள். வீட்டில பெட்டையைத் தனியக் கொழும்புக்கு விடுறதோ எண்டு ஒரு கதை வரும் எண்டு எனக்குத் தெரியும், வெள்ளவத்தையில சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் எங்க இருக்கு, அதைச் சொல்லிச் சமாளியுங்கோ. எம்.பி.ஏ.யைப் பிறகு, ரெண்டு மூண்டு பெட்டி அனுப்பின பிறகு, இஞ்ச எங்கட கம்பசிலயே செய்யலாம். அப்ப வகுப்பில கேக்கிறதுக்கு உங்களிட்டச் சொந்தக் கேள்வி இருக்கும்.

கோட், லேபல், மெசின் பிரிக்கிறது பற்றி மேல விபரம் வேணுமெண்டா கேளுங்கோ. ஆனா கேக்கேக்க தூளில என்னென்ன போடுறியள் எண்டு வீதத்தோட எழுதுங்கோ, அது இல்லாமல் கோட் சொல்லேலாது.